முந்திரிச் சாறும் வெள்ளைத் துணியும்

வாளையாற்றையோ குமுளியையோ கடந்து கேரளத்தில் குடியேறும் நம்மவர் முதலில் தடுமாறும் சொற்களுள் ஒன்று 'முந்திரி'. பாயசத்தில் வறுத்துப் போடுவதற்காகக் கடையில் முந்திரி கேட்டால், கடைக்காரர் திராட்சையை எடுத்து நிறுப்பார். மலையாளத்தில் முந்திரி என்பது திராட்சை. நாம் முந்திரிப்பருப்பு என்பதை அவர்கள் அண்டிப்பருப்பு என்பர். திராட்சைக்குக் கொடிமுந்திரி என்ற பெயர் நம் அகராதிகளிலும் உண்டு. ஆதலின் பிழை எவர் பக்கமும் இல்லை. சொல் ஒன்று, பொருள் இரண்டு; அவ்வளவே.

கடையில் நேரும் இம்மயக்கம் ஒரு சிரிப்போடு தீர்ந்துவிடும். துணியில் கறை பட்டபின், "முந்திரிக் கறைக்கு என்ன செய்வது?" என்று அயல்வீட்டாரைக் கேட்கும்போது அவ்வாறு தீராது. நம் முந்திரிப்பழத்தின் கறை வேறு. திராட்சையின் கறை வேறு. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. திராட்சைச் சாறும், சிவப்புத் திராட்சை ஒயினும் துணியில் பட்டால், வீட்டிலும் ஊர்க்கடையிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அக்கறையை எவ்வாறு போக்கலாம், எவற்றைச் செய்யலாகாது என்பதை இவ்வுரையில் காண்போம்.

இக்கறை நம் எல்லைப்புற வாழ்வுக்குப் புதியதன்று. இடுக்கி மலையில் பெருகும் பெரியாற்று நீர், 1895-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கை நனைக்கிறது. அப்பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. நீராக இறங்கியது பழமாகி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மறுபடி மலையேறுகிறது. கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் முன்னரே மலைநாட்டுக் கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றில் கறுப்புத் திராட்சையைச் சர்க்கரை, பட்டை, கிராம்பு, ஒரு கைப்பிடிக் கோதுமை ஆகியவற்றோடு பரணியில் இட்டு மூடி வைப்பது வழக்கம். அது புளித்து ஒயினாகிறது. பண்டிகை நாளில் கேக்கோடு அதனையும் சிறு கோப்பையில் ஊற்றி விருந்தினருக்கு அளிப்பர். ஒயின் பருகாதவர்க்கும் குழந்தைகளுக்கும் திராட்சைச் சாறு வரும். பாலக்காட்டுப் பக்கத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத் திருமணப் பந்தல்களிலும் வருவோர்க்கு வண்ணச் சாறு அளிக்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது.

இவ்விரு மாவட்டங்களிலும் விழாவுக்கு உகந்த உடை எது? வெள்ளை. அவர்களுக்குக் கசவுக்கரை முண்டு. நமக்குக் கரை வேட்டி. பள்ளிப் பிள்ளைகள் பலருக்கும் சீருடைச் சட்டை வெள்ளை. செந்நிறச் சாறும் வெண்ணிறத் துணியும் ஒரே பந்தலில் கூடும்போது சிந்தாமல் இருப்பது அரிது.

சிந்தினால் என்ன இழப்பு என்று கேட்கலாம். தேயிலைத் தோட்ட லயங்களில், ஏலக்காட்டுக் குடியிருப்புகளில், செங்கற் சூளை வீடுகளில் வாழும் குடும்பத்துக்கு நல்ல உடை என்று இருப்பது ஒன்றோ இரண்டோ. அதில் ஒரு கறை நிலைத்துவிட்டால், அடுத்த அழைப்பு வரும்போது, "இதைக் கட்டிக்கொண்டு எப்படிப் போவது?" என்று வீட்டிலேயே தங்கிவிடும் தாய்மார் உளர். பிற மொழியினர் நடுவே வாழ்வோர்க்கு அயலார் அழைப்பு சிறிய பொருளன்று. அவ்வழைப்பை ஏற்றுச் செல்வதும், பொங்கலுக்கு அவர்களைத் திரும்ப அழைப்பதுமே ஊரோடு நம்மை ஒட்டவைப்பவை. ஒரு கறையின் பொருட்டு அவ்வுறவு குறைவது நன்றன்று. சட்டையில் சாற்றைச் சிந்திய பிள்ளை, விருந்து முடிந்து வீடு வருமுன்னரே அடி வாங்குவதும் நன்றன்று. அடிக்கும் நேரத்தில் அச்சட்டையை நீரில் இட்டிருந்தால் பாதிக் கறை போயிருக்கும்.

கறை போக்கும் கலையை அறிய, முதலில் ஒரு கோவில் வழக்கத்தைக் கருதுவோம். கத்தோலிக்கத் திருப்பலியில் திராட்சை ரசம் இடம்பெறுவதை நேயர்கள் அறிவர். கிண்ணத்தைத் துடைக்கும் வெண்துகிலும், பீடத்தில் விரிக்கும் வெண்துகிலும் அந்த ரசத்தில் நனைதல் உண்டு. அத்துகில்களைத் துவைக்கும் முறைபற்றி 2004-ஆம் ஆண்டில் உரோமையிலிருந்து வெளிவந்த திருவழிபாட்டு அறிவுரை, மரபு வழியை நினைவூட்டுகிறது. முதல் அலசலைக் கையால் செய்து, அந்நீரைக் கோவிலில் அதற்கென உள்ள இடத்திலோ தகுந்த மண்ணிலோ ஊற்றுவது சிறப்பு. இரண்டாம் முறை வழக்கம்போல் துவைக்கலாம் என்பது அதன் கருத்து. பக்தியின் பொருட்டு எழுந்த வழக்கம் இது. ஆயினும் கறை போக்கும் அறிவும் இதையே சொல்கிறது. முதலில் நீரால் அலசுக, அதன்பின்னரே மற்றவை. இந்த வரிசையை மாற்றுவதனால்தான் நம் வீடுகளில் பல துணிகள் பாழாகின்றன.

வரிசை மாறினால் ஏன் பாழாகிறது என்பதற்கு ஆரத்தித் தட்டே சான்று. மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைக் கரைத்தவுடன் நீர் சிவக்கிறது. அங்கே புதிய சாயம் எதுவும் சேரவில்லை. சுண்ணாம்பின் காரத்தால் மஞ்சளின் நிறம் மாறுகிறது. திராட்சைத் தோலில் உள்ள நிறப்பொருளும் இத்தகையதே. ஆந்தோசயனின் என்று வேதியியலார் அதனை அழைப்பர். நாவற்பழம் உண்டால் நாவில் படியும் ஊதாவும், சங்குப்பூவின் நீலமும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. சங்குப்பூ ஊறிய நீரில் எலுமிச்சம் பழம் பிழிந்தால் நீலம் ஊதாவாகி, மேலும் பிழிந்தால் சிவக்கும். புளிப்பில் சிவப்பு, காரத்தில் நீலம். இதுவே அந்நிறப்பொருளின் இயல்பு. இங்குக் காரம் என்பது மிளகாய்க் காரம் அன்று. சோப்பு, சலவைச் சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றில் உள்ள காரம்.

திராட்சைக் கறையின்மீது நேராகச் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்தால் செந்நிறம் நீலமாகவோ, பசுமை கலந்த சாம்பல் நிறமாகவோ மாறுவது இதனால்தான். அதனைக் கண்டு, "சிவப்பு போய்விட்டது" என்று மகிழ்வாரும் உளர். "புதுக் கறை வந்துவிட்டது" என்று அஞ்சுவாரும் உளர். இரண்டும் உண்மையன்று. அதே நிறப்பொருள் வேறு நிறத்தில் அங்கேயே இருக்கிறது. சமையல் சோடாவைக் குழைத்துப் பூசினாலும் நிகழ்வது இதுவே.

திராட்சையில் நிறப்பொருளோடு துவர்ப்பும் உண்டு. தோலிலும் விதையிலும் உள்ள இத்துவர்ப்பு நூலிழையைப் பற்றிக்கொள்ளும் தன்மையது. தேநீர்க் கறையிலும் இதுவே இருக்கிறது. துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் எழுதும் மை செய்தது இவ்வியல்பைக் கொண்டே. ஆகையால் ஒயினோ தேநீரோ பட்ட துணியைத் துருவேறிய வாளியில் ஊற வைப்பது, நாமே மை காய்ச்சுவதற்கு ஒப்பாகும். பிளாஸ்டிக் வாளியோ எவர்சில்வர் பாத்திரமோ நன்று. துருவேறிய குழாயில் காலையில் முதலில் வரும் செந்நீரையும் விலக்குக.

இனி, செய்முறைக்கு வருவோம்.

சாறு சிந்தியவுடன் தேய்க்கலாகாது. தேய்த்தால் அது பரவும். நூலிழையின் உள்ளேயும் செல்லும். பழைய வெள்ளைப் பருத்தித் துணியொன்றை மடித்துக் கறையின்மேல் வைத்து அழுத்துக. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி வருக. ஒற்றும் துணி நனைந்ததும் மடிப்பை மாற்றுக. விருந்து வீட்டில் நீர் உடனே கிடைக்காவிடில், கறையின்மேல் உப்பையோ அரிசி மாவையோ தூவி வைக்கலாம். அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆயினும் நிறத்தைப் போக்காது. உப்பிட்டுவிட்டோம் என்று மறுநாள் வரை விட்டுவைத்தல் தவறு.

அடுத்தது தண்ணீர். துணியின் பின்புறத்தை மேலாக்கிப் பிடித்து, குளிர்ந்த நீரைக் கறைமேல் ஊற்றுக. நீர் பின்னாலிருந்து பாய்ந்தால், சாறு வந்த வழியே வெளியேறும். முன்புறமாக ஊற்றினால் எஞ்சிய சாறு துணியை ஊடுருவிச் செல்லும். வடியும் நீர் தெளியும் வரை ஊற்றுக. சிந்திய சில நிமிடங்களுக்குள் இதனைச் செய்தால், பருத்தித் துணியில் கறையின் பெரும்பகுதி இப்போதே போய்விடும்.

மூன்றாவது புளிப்பு. ஒரு பங்கு வெள்ளை வினிகரை இரண்டு பங்கு நீரில் கலந்து, கறை பட்ட இடத்தை அதில் நனைத்துப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் வைக்கலாம். வினிகர் இல்லாவிடில் எலுமிச்சைச் சாற்றை நீர் விட்டுப் பயன்படுத்தலாம். புளிப்பில் அந்நிறப்பொருள் சிவப்பாகவே நின்று நீரில் கரைந்து இறங்கும். முன்னரே சோப்பிட்டு நீலமாகிவிட்ட துணிக்கும் இதுவே வழி. சோப்பு முழுதும் போகும்படி அலசியபின் புளிப்பு நீரில் இட்டால், நீலம் மறுபடி சிவக்கும். சிவந்ததைக் கண்டு அஞ்ச வேண்டா. கறை இன்னும் இளகும் நிலையில் உள்ளது என்பதற்கு அதுவே அடையாளம். பின்னர் நன்றாக அலசி, மென்மையான திரவச் சோப்பில் துவைக்கலாம்.

இதன்பின்னும் நிறம் எஞ்சினால், துணி வெள்ளைப் பருத்தியாக இருப்பின், நான்காவது வழி உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு நீர்மத்தில் 3 சதவீத அளவுள்ளதை வாங்குக. அதனைவிட வீரியம் மிக்கது தோலைச் சுடும். புளிப்பு நீங்க அலசிய துணியில், இந்நீர்மத்தோடு இரண்டு மூன்று சொட்டுத் திரவச் சோப்பைச் சேர்த்துக் கறையின்மேல் இட்டு, அரைமணி நேரம் உலராமல் வைத்திருந்து அலசுக. 1818-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலறிஞர் தெனார் கண்டறிந்த பொருள் இது. தன்னிடமுள்ள பிராணவாயுவைக் கொண்டு நிறப்பொருளைச் சிதைத்துவிட்டு, இறுதியில் நீராகவே முடிவதால் துணியில் எச்சம் விடுவதில்லை. ஆக்சிஜன் வெளுப்புத்தூள் என்று கடையில் விற்பதும் வெந்நீரில் கரைந்தவுடன் இதே பொருளையே வெளியிடுகிறது. உறையில் குறித்த அளவில் கரைத்துச் சில மணி நேரம் ஊற வைக்கலாம். பருத்திக்கு இவை ஏற்றவை. சாயத்துணியாயின், உள்மடிப்பில் ஒரு சொட்டு இட்டுப் பார்த்து, நிறம் மாறாவிடில் மட்டுமே பயன்படுத்துக.

வெந்நீரைப் பற்றி ஒரு சொல். பழைய மனையியல் வகுப்புகளில் ஒரு முறை கற்பிப்பர். கறை பட்ட பகுதியைப் பாத்திரத்தின் வாயில் இறுக விரித்துக் கட்டி, ஓரடி உயரத்திலிருந்து கொதிநீரைக் கறையினூடே ஊற்றுவது அம்முறை. புதிய பழக்கறைக்கும், உறுதியான வெள்ளைப் பருத்திக்கும் இது பயன்படுவதே. பாயும் கொதிநீர் நிறத்தைக் கரைத்துக்கொண்டு வெளியே ஓடிவிடுகிறது. ஆனால் கறை ஊறிய துணியைச் சுடுநீரில் அமிழ்த்தி வைப்பது வேறு. இஸ்திரிப் பெட்டியின் உலர் சூட்டில் வைப்பது வேறு. சர்க்கரையும் துவர்ப்பும் சூட்டில் பழுப்பேறி நூலோடு ஒட்டிவிடும். கொதிநீரைக் கையாள்வதில் தீப்புண் அச்சமும் உண்டு. குழந்தைகள் அருகில் இருக்கும்போது இம்முறை வேண்டா.

இடுக்கி மலையில் வாழ்வோர் இவ்விடத்தில் மேலும் ஒன்றைக் கருத வேண்டும். இடவப்பாதி மழை இறங்கினால் நாள்கணக்கில் துணி உலர்வதில்லை. ஆகவே அடுப்புக்கு மேலே கொடி கட்டித் துணிகளை உலர்த்துகிறோம். கறை முழுதும் போனதா என்று பகல் வெளிச்சத்தில் ஈரத்துணியை விரித்துப் பார்க்காமல் அடுப்பின்மேல் போடலாகாது. புகையும் சூடும் எஞ்சிய கறையை நிலைப்படுத்திவிடும். கறை எஞ்சியிருந்தால் துணியை ஈரமாகவே வைத்து, மறுபடியும் புளிப்பு நீரிலிருந்து தொடங்குக. ஈரத்துணியைச் சுருட்டி இரண்டு மூன்று நாள் மூலையில் போட்டாலோ பூஞ்சை பிடிக்கும். அது மற்றொரு கறை.

பாலக்காட்டு நேயர்களுக்கு வேறொரு இடர். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழை குறைந்த நிலம். ஆழ்குழாய்க் கிணற்று நீர் அங்குப் பல இடங்களில் கடினமாயிருக்கிறது. கடின நீரில் சோப்பு நுரைக்காது. வெண்ணிறப் படலமாகித் துணியில் படியும். கறை போனபின்னும் அவ்விடம் மங்கலாய்த் தோன்றுவது இப்படலத்தால் இருக்கலாம். சேமித்த மழைநீர் ஒரு குடம் இருந்தால் கடைசி அலசலை அதில் செய்க. அல்லது அலசும் நீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்த்தாலும் படலம் நீங்கும்.

பட்டுப் புடவைக்கு மேற்சொன்ன முறைகள் யாவும் பொருந்தா. பட்டும் கம்பளியும் உயிரினத்திலிருந்து கிடைத்த இழைகள். வலிய காரம் அவற்றைத் தின்றுவிடும். பட்டில் சாறு பட்டால், மேலும் கீழும் வெள்ளைத் துணியை வைத்து ஒற்றியெடுத்து, குளிர்ந்த நீரால் நனைத்து மறுபடி ஒற்றுக. முறுக்கிப் பிழியலாகாது. கறை எஞ்சினால் அன்றே உலர்சலவைக் கடையில் கொடுத்து, "இது திராட்சைச் சாறு, இவ்விடத்தில் பட்டது, நீர் மட்டும் ஊற்றியிருக்கிறோம்" என்று தெளிவாகச் சொல்க. வெட்கப்பட்டு மறைத்தால், என்ன கறை என்று அறியாமல் அவர்கள் வேறு மருந்து இடக்கூடும். கசவிலும் சரிகையிலும் எலுமிச்சையோ வினிகரோ படாமல் காக்க வேண்டும். உலோகப் பூச்சு கறுக்கும். கரையில் கறை பட்டால் குளிர்ந்த நீரோடு நிறுத்திக்கொள்ளுதல் நலம்.

உலர்ந்து பழகிய கறைக்கு என்ன செய்வது? துணியைக் குளிர்ந்த நீரில் ஒருமணி நேரம் ஊற வைத்து, பிறகு மேற்சொன்ன வரிசையிலேயே செல்க. ஒரே நாளில் போகாது. இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும். வெள்ளைப் பருத்தியாயின் கடைசியில் ஈரத்தோடு வெயிலில் விரித்து, உலர உலர நீர் தெளிக்கலாம். வெயில் வெளுப்பது நம் நாட்டுச் சலவைத் தொழிலாளர் நெடுங்காலமாக அறிந்த கலை. உவர்மண் கரைத்த நீரில் துணியை நனைத்து, வெள்ளாவியில் வைத்து, ஆற்றங்கரையில் விரித்து அவர்கள் பருத்தியை வெளுத்தார்கள். அவர்கள் பட்டை வெள்ளாவியில் வைத்ததில்லை என்பதையும் நினைவில் கொள்க. எத்துணிக்கு எம்முறை என்று அறிந்திருந்ததே அவர்தம் திறமை.

நேயர்களே, இனி நாம் சொல்லப்போவதை இல்லத்தில் உள்ள எல்லோரும் கேட்க வேண்டுகிறோம். கறை போகாவிட்டால் துணி ஒன்றுதான் போகும். கறையைப் போக்கும் அவசரத்தில் உயிருக்கே ஊறு நேரலாம்.

கேரளத்தில் கிணற்று நீரைத் தூய்மைப்படுத்த வெளுப்புத்தூள் வாங்கி வைத்திருக்கும் வீடுகள் பல. புட்டியில் அடைத்த வெளுப்பு நீரும் கடைகளில் உண்டு. இவை குளோரின் சேர்ந்தவை. முன் சொன்ன ஆக்சிஜன் தூள் வேறு, இவை வேறு. இவற்றோடு வினிகர், எலுமிச்சை, கழிவறை கழுவும் அமிலம் ஆகிய எதனையும் கலக்கலாகாது. கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும். நவச்சார ஆவி அடிக்கும் தூய்மைப் பொருள்களோடு கலந்தாலும் நச்சு ஆவி பிறக்கும். "ஒன்று போதவில்லை, இரண்டையும் சேர்த்து ஊற்றிப் பார்ப்போம்" என்ற எண்ணமே தீது. ஒரே அறையில் சமையலும் துவையலும் நடக்கும் சிறு வீடுகளில் இதன் கேடு மிகுதி. கலந்துவிட்டால், எல்லோரும் உடனே வெளியேறிக் காற்றோட்டமான இடத்துக்குச் செல்க. மூச்சுத் திணறல் தோன்றினால் மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிக்க வேண்டா.

மேலும் ஒன்று. வெளுப்பு நீரையும் பெராக்சைடையும் தண்ணீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைக்கலாகாது. தாகத்தோடு வரும் பிள்ளைக்குப் புட்டியின் உருவம் மட்டுமே தெரியும். வாங்கிய புட்டியிலேயே, பெயர்ச்சீட்டு கிழியாமல், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். பெயர்ச்சீட்டு மலையாளத்தில் இருந்து, வீட்டில் அதனைப் படிப்பார் இல்லையேல், பள்ளியில் மலையாளம் படிக்கும் பிள்ளையைக் கொண்டு படிக்கச் செய்து, பொருளின் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டுக.

தொடக்கத்தில் சொன்ன மற்றொரு முந்திரிக்கு இப்போது திரும்புவோம். நம் முந்திரிப்பழத்தின் சாறு சிந்தும்போது பெரிதும் நிறமற்றதாகவே தோன்றும். காற்றுப் பட்டு உலர்ந்தபின்னர் பழுப்பாகும். அதன்பின் போவது மிக அரிது. முந்திரிக்கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெயோ தோலையும் புண்ணாக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் சேராங்கொட்டை. யார் வீட்டுத் துணி என்று அழியாக் குறியிடச் சலவைத் தொழிலாளர் பயன்படுத்திய கொட்டை அது. எத்தனை துவைப்பிலும் போகாத மை வேண்டுமென்று அவர்கள் தேடி எடுத்த இனத்தின் கறை, எலுமிச்சைக்கு இளகுமா? வாழைக்கறையும் அவ்வாறே, உலர்ந்து கறுத்தபின் அதனை வெல்வது கடினம். ஆகவே முந்திரித் தோப்புக்கும் நேந்திரன் வாழைத் தோட்டத்துக்கும் செல்வோர் அதற்கென ஒரு பழந்துணியை ஒதுக்கி வைத்தலே அறிவுடைமை. திராட்சைக் கறை அத்தகையதன்று. பார்ப்பதற்குக் கொடியது, ஆனால் காலத்தே நீரும் புளிப்பும் கண்டால் இளகிப் போகும். பார்வைக்கு எளியது நிலைத்து நிற்பதும், பார்வைக்குக் கொடியது நீங்கிவிடுவதும் கறைகளிடையே உண்டு. எனவே கறையின் நிறத்தைக் கண்டு அஞ்சாமல், அது எதனால் வந்தது என்று முதலில் கேட்டறிக.

இதுவரை கூறியதைச் சுருக்கி நினைவில் கொள்வோம். முதலில் ஒற்றுக, தேய்க்கலாகாது. அடுத்துப் பின்புறமிருந்து குளிர்ந்த நீர். அதன்பின் புளிப்பு. அதன்பின்னரே சோப்பு. வெள்ளைப் பருத்திக்கு மட்டும் பெராக்சைடோ ஆக்சிஜன் தூளோ. கறை முற்றும் போகும் வரை அடுப்புச் சூடும் இஸ்திரியும் கூடா. பட்டுக்குத் தண்ணீரும் பொறுமையும். எதனோடும் குளோரின் வெளுப்பைக் கலக்கலாகாது.

அடுத்த பண்டிகையில் அயல்வீட்டார் கோப்பையை நீட்டும்போது, வெள்ளை உடுத்தியிருக்கிறோமே என்று தயங்க வேண்டுவதில்லை. சிந்திவிட்டால், "சிறிது தண்ணீர் தாருங்கள், சேச்சி" என்று அங்கேயே கேளுங்கள். 'கறை' என்பதை மலையாளத்தில் 'கற' என்பர். இச்சொல்லில் நமக்குள் மயக்கம் இல்லை. அந்த வீட்டுச் சேச்சி ஒரு செம்பு நீரோடு வருவார். பண்டிகைதோறும் திராட்சையோடு பழகிய கைகள் அவருடையவை. நாம் இன்று கூறியவற்றுள் சிலவற்றை அவர் முன்னரே அறிந்திருக்கவும் கூடும். அவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.